முட்டுச்சுவரின் சவம்

பிஸ்கட்டைத் தேநீரில் முக்கி, அது உடைந்து விழுவதற்குள் வாயில் போட்டுக்கொண்டு, அந்த வாயோடுதான் வக்கீல் மந்திரத்தை வாசித்தார். "சவ ஏவல். கை எட்டுற தூரத்துல ஒரு சவம் இருக்கணும். மந்திரவாதி சொன்னதை ஒரு நாள் பூரா செய்யும். அவ்வளவுதான் போட்டிருக்கு." ஈரத் துணுக்கு ஒன்று விதிப்புத்தகத்தின் மேல் தெறித்தது. துடைத்தேன். துடைத்த விரலை எங்கே துடைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் தனியாக நீட்டி வைத்துக்கொண்டிருந்தேன்.

வக்கீல் என்று கூப்பிட்டாலும் அவர் பிழைப்பு லிஃப்ட் பழுது பார்ப்பது. எந்த விதியிலும் ஒரு சந்து கண்டுபிடித்து அதற்குள் நுழைந்து அந்தப் பக்கம் வந்துவிடுவார் என்பதால் என் அத்தான் வைத்த பட்டப்பெயர் அது. நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடி அறையில், சனிக்கிழமை மதியங்களில், பதினொரு வருடமாக இந்த ஆட்டம் நடக்கிறது. என்னைத் தவிர மற்ற மூவருக்கும் ஆளுக்கொரு வீரன். அவனுடைய பலம், காயம், ஆயுதம், பைக்குள் இருப்பது எல்லாம் ஒரு தாளில் பென்சிலால் எழுதப்பட்டிருக்கும். பிழைப்பானா சாவானா என்பதைப் பகடை சொல்லும். கதையை நடத்துவதும், மந்திரங்களின் விதியில் சந்தேகம் வந்தால் தீர்ப்புச் சொல்வதும் என் பொறுப்பு. நாற்பது வயதுக்காரி செய்கிற வேலையா இது என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

வக்கீலின் வீரன் ஒரு மந்திரவாதி. அத்தானின் வீரன் ஒரு கேடயக்காரன், பெயர் முட்டுச்சுவர். அந்தப் பெயர் அக்காவின் வாயிலிருந்து வந்தது. அத்தான் எப்போதும் சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு நின்று பேசுவார். "முட்டுச்சுவர் மாதிரி நிக்காதீங்க, தள்ளுங்க" என்று அவள் இடித்துக்கொண்டு போவாள். அத்தான் போய் ஏழு மாதம் ஆகிறது. நாலாவது மாதம் அக்கா மாடியேறி வந்து, காலியாகக் கிடந்த அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, "இவரை நான் பாத்துக்கிறேன்" என்றாள். பகடையில் எந்தப் பக்கத்தைப் பார்ப்பது என்றுகூட அவளுக்குத் தெரியாது. அத்தானின் கையெழுத்து இருந்த அந்தத் தாளை மட்டும் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருந்தாள். போன சனிக்கிழமை, ஆட்டத்தில் வரும் பாலத்தில், மற்ற இருவரையும் ஓடவிட்டுத் தான் மட்டும் நின்ற முட்டுச்சுவர் செத்துப்போனான். அவள் அழவில்லை. "அடுத்த வாரம் ஆத்தோரமா நல்ல இடமாப் பாத்து அடக்கம் பண்ணிடலாம்" என்றாள். பண்ணும்போது வாசிக்க இன்று நாலு வரி எழுதிக்கொண்டு வந்திருந்தாள். நாலாக மடித்த அந்தக் காகிதம் அவள் கைக்குள் இருந்தது.

"அண்ணி, பாலத்துல இன்னும் ஆறு பேர் நிக்கிறானுங்க. மிச்சம் இருக்கிற ரெண்டு பேரால ஆகாது. முட்டுச்சுவர் எந்திரிச்சு நின்னா ஆகும். ஒரு நாள்தானே, அடக்கம் நாளைக்கு வச்சுக்கலாம்," என்றார் வக்கீல்.

"வேண்டாம். அவரைக் கேக்காம எப்படி?"

"உயிரோட இருக்கிறவங்களுக்குத்தான் சம்மதம், எதிர்ப்பு எல்லாம். சவம் ஆள் இல்ல அண்ணி. பொருள்."

அத்தானோடு ஒரே பெஞ்சில் படித்தவர். அத்தானைத் தோளில் சுமந்த நால்வரில் ஒருவர். அண்ணி என்ற சொல்லையும் பொருள் என்ற சொல்லையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த பிஸ்கட்டை எடுத்தார். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டு அத்தானை வாங்கியவள் நான். அவர்கள் தந்த தாளில் வரிசையாக எழுதியிருந்தது: உடல் ஒன்று, கைக்கடிகாரம் ஒன்று, செருப்பு ஒரு ஜோடி. எதுவும் குறையவில்லை என்று மூன்றையும் சரிபார்த்துத்தான் பேனாவை வாங்கினேன். அதை இன்றுவரை அக்காவிடம் சொன்னதில்லை.

"அதெல்லாம் முடியாதுண்ணே," என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே தன் பையிலிருந்து தீர்ப்பு நோட்டை எடுத்தார். எங்கள் மேசையில் ஒரு வழக்கம் உண்டு. நான் சொன்ன தீர்ப்பு நோட்டில் ஏறிவிட்டால் அதுதான் விதி. நால்வரும் ஒத்துக்கொண்டால் மட்டுமே அதை மாற்றலாம். நோட்டை அவர் போன வாரமே வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார். பக்கத்தைத் தேடவும் இல்லை, மூலை மடித்தே வைத்திருந்தார். ஒரு வாரமாக, வேலைக்குப் போய், சாப்பிட்டு, தூங்கி, இதற்காகத் தயாராகிக்கொண்டிருந்திருக்கிறார்.

மூன்று வருடத்துக்கு முந்தைய தீர்ப்பு அது. உயிருள்ள எதையும் உள்ளே விடாத, பொருள்களை மட்டும் எடுத்துக்கொள்ளும் ஒரு மந்திரப் பை ஆட்டத்தில் வந்தது. செத்துக்கிடந்த காவல்காரனை அந்தப் பைக்குள் திணித்து ஒளித்துவிடலாமா என்று அத்தான்தான் கேட்டார். காலை மடக்கினால் நுழைவானா, தலை முதலா கால் முதலா என்று அவர் கேட்கக் கேட்க, நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். சரி, சவம் பொருள்தான் என்று நான் சொன்னேன். அத்தானே நோட்டை இழுத்து எழுதினார். சாய்ந்த, அவசரமான எழுத்து: சவம் பொருளே. ஆள் அல்ல. நால்வரும் ஒப்பு.

"இது யார் எழுத்து அண்ணி?" என்று வக்கீல் நோட்டை அக்கா பக்கம் திருப்பினார். அவள் அதை நெடுநேரம் பார்த்தாள். படிக்கிற பார்வை இல்லை அது.

நான் பல் டாக்டரைப் பார்த்தேன். எங்கள் நாலாவது ஆள். தங்கமான மனிதர். ஊரார் வாயைத் திறக்கச் சொல்லியே பழகியவர், தன் வாயை மட்டும் திறக்க மாட்டார். "ரூல்னா அப்படித்தான்... ஆனா, பாருங்க..." என்று ஆரம்பித்து, எதைப் பார்ப்பது என்று சொல்லாமலே நிறுத்திக்கொண்டார்.

"உங்க அக்காங்கிறதுக்காக வழக்கத்தை மாத்திடாதீங்க," என்று வக்கீல் என்னிடம் சொன்னார். "பதினொரு வருஷத்துல ஒரு தடவகூட நீங்க பாரபட்சம் பாத்ததில்ல. அவன் இருந்திருந்தா, எழுப்புடா என்னைன்னு அவனே சொல்லியிருப்பான்."

உண்மைதான், சொல்லியிருப்பார். கைதட்டிச் சொல்லியிருப்பார். அது உண்மையாக இருப்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது. அதற்கு அடுத்தபடியாக, பாரபட்சம் பார்க்காதவள் என்றதும் எனக்குள் ஏதோ ஒன்று முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தது.

"செல்லும்," என்றேன்.

வக்கீல் விரலைப் பேன்ட்டில் துடைத்துவிட்டு, உறைக்குள்ளிருந்து தாளை உருவினார். பென்சிலின் பின்பக்கத்து ரப்பரால் காயக் கணக்கை அழித்தார், புதிதாக எழுதினார். நான் ஒரு புதுத் தாளை எடுத்து நீட்டினேன்.

"எதுக்கு? எல்லா எண்ணும் இதுலயே இருக்கே," என்றார்.

ரப்பர் தாளின் மேல்பக்கம் நகர்ந்தது.

"பெயரை மட்டும் விட்டுருங்க," என்றாள் அக்கா.

"எழுப்பப்பட்டதுக்குப் பெயர், பேச்சு, நினைவு கிடையாதுன்னு அடுத்த பக்கத்துல போட்டிருக்கு அண்ணி. நானா சொல்லல. உங்க தங்கச்சியையே கேளுங்க."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் புத்தகத்தைப் பார்த்தேன். அந்த வரி இருந்தது. விட்டுத் தொலையுங்கள் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம், எந்த நோட்டும் என்னைத் தடுத்திருக்காது. "போட்டிருக்கு," என்றேன். கடையில் வருகிறவர்களுக்குக் கண்ணாடியின் பவரைச் சொல்லும் அதே குரல். அந்தக் குரலைக் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

அவர் அழுத்தி அழித்தார். அத்தான் எழுதும்போதே பென்சிலை ஊன்றி எழுதுகிறவர். அதனால் லேசில் போகவில்லை. மூன்று முறை தேய்க்க வேண்டியிருந்தது, மேசை ஆடியது, தேநீர் தட்டில் சிந்தியது. பிறகு வக்கீல் பகடையை உருட்டினார். பெரிய எண் விழுந்தது. பெயரில்லாத ஒன்று பாலத்தில் எழுந்து நின்று அந்த ஆறு பேரையும் ஆற்றில் தள்ளியது. அதைக் கதையாகச் சொன்னதும் நான்தான். நன்றாகவே சொன்னேன். பல் டாக்டர் "அப்பாடா" என்றார்.

தாள்மேல் கிடந்த கறுத்த ரப்பர் துகள்களை ஊதிவிட வக்கீல் குனிந்தார். அக்கா கையைக் குறுக்கே வைத்தாள்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அக்கா உள்ளங்கையின் விளிம்பால் துகள்களை ஒரு பக்கமாகக் கூட்டினாள். மேசையின் விரிசலில் சிக்கியதை நகத்தால் எடுத்தாள். ஒன்றுகூட விடாமல் இடது கையில் சேர்த்து விரல்களை மூடிக்கொண்டு எழுந்தாள். மூடிய கையை மார்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, மற்ற கையால் கதவின் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது இறுகிக் கிடந்தது. மூடிய கையை அவள் திறக்கவில்லை.