துறவி மரீனோவின் ஐந்தாம் கட்டம்

எங்கள் மடத்தின் பலிபீடப் பலகையில் புனித மரீனோவின் வரலாற்றை ஐந்து கட்டங்களாகத் தீட்டும் பணி என்னுடையது. ஆணுடை தரித்துத் துறவியாகவே வாழ்ந்து, இறந்தபின் உடலைக் கழுவியவர்களால் பெண்ணென்று அறியப்பட்டவர் அவர். உடலைக் கழுவும் அந்தக் கடைசிக் கட்டத்துக்குக் கோடு மட்டும் போட்டிருந்தேன்; வண்ணம் எஞ்சியிருந்தது.

முகங்களுக்கான வண்ணத்தை முட்டையின் மஞ்சள் கருவில் குழைப்போம். நகரத்துக் கோழியின் வெளிறிய கரு பெண்களுக்கு. நாட்டுப்புறக் கோழியின் சிவந்த கரு ஆண்களுக்கு. மரீனோவுக்கு இதுவரை சிவந்த கருவையே இட்டிருந்தேன்.

மடத்தலைவர் ரனியேரி பார்வையிட வந்தார்.

“செத்ததுக்கு அப்புறமாவது பொம்பளையா காட்டுப்பா. மார்த்துணியைக் கொஞ்சம் விலக்கு. இல்லேன்னா பாக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?”

வண்ணம் அரைத்துக்கொண்டிருந்த முதிய சகோதரர் வெந்தூரா தலை நிமிரவில்லை.

“நாப்பது வருஷம் வயல்ல வெந்த மூஞ்சி, சாமி. வெயிலு ஆம்பளை பொம்பளை பாத்தா சுடுது?”

“உன் வாய்க்கு மட்டும் வயசே ஆக மாட்டேங்குது” என்று சிரித்தபடி தலைவர் போய்விட்டார்.

அன்று மாலை, இருமலுக்கிடையே வெந்தூரா சொன்னார்: “தம்பி, நான் போனா என்னை நீ மட்டும் குளிப்பாட்டு. வேற கை படக் கூடாது.”

“ரெண்டு பேர் சேந்துதானே அண்ணே குளிப்பாட்டணும்? விதி அது.”

“அந்தப் படத்துல அவரைச் சுத்தி எத்தனை பேர் நிக்கிறாங்க, பாரு. அவரா கூப்பிட்டாரு?”

பொருள் விளங்கிற்று. முப்பது ஆண்டுகளாக அவர் எனக்கு அண்ணன். அண்ணனாகவே அடக்கமாக வேண்டும். அதற்கு மேல் அவர் எதையும் கேட்கவில்லை.

அந்த வாரமே கட்டத்தை முடித்தேன்: சிவந்த கரு, கழுத்துவரை துணி. தலைவர் முகம் சுளித்தார். வெந்தூரா படுக்கையில் விழுந்துவிட்டதால் அதைப் பற்றிப் பேச யாருக்கும் நேரமில்லை.

தவக்காலத்தின் மூன்றாம் வாரத்தில் அவர் இறந்தார். என்னுடன் கழுவ வந்த சகோதரர் லாப்போவை வெந்நீருக்கு அனுப்பிவிட்டுக் கதவைத் தாழிட்டேன். அங்கியைக் களையாமல், கண்களை மூடிக்கொண்டு, ஈரத்துணி பிடித்த கையை உள்ளே விட்டுக் கழுவினேன். பிறகு அங்கியின் முக்காட்டை முகத்தின்மேல் இழுத்து மூடித் தைத்தேன்.

“யோவ், தண்ணி ஆறுதுய்யா! உள்ள என்ன பண்றே?” என்று லாப்போ கதவை இடித்தார்.

“முடிஞ்சுது.”

தலைவர் என்னைத் தனியே அழைத்தார்.

“ஏன் தனியா பண்ணே?”

“அவர் கேட்டுக்கிட்டார், சாமி.”

“நான் தெரிஞ்சுக்க வேண்டியது ஏதாச்சும் இருக்கா?”

“இல்லை, சாமி.”

 விதியை மீறியதற்காக அவர் எனக்கு ஒரு மாதம் ரொட்டியும் தண்ணீரும் விதித்தார். ஏற்கெனவே நோன்புக் காலம்; பெரிய வேறுபாடு தெரியவில்லை.

மறுநாள் குழியருகே செபத்தைத் தொடங்கிய தலைவர், பெயர் வரும் இடத்தில் ஒரு கணம் நின்றார். பிறகு, “எங்கள் சகோதரர் வெந்தூரா” என்று அனைவருக்கும் கேட்கும்படி வாசித்தார்.