ஆடியில் எழுந்த மண்டபம்

பொன்னமராவதியில் ஆண்டியப்பனின் கல்யாண மண்டபம் முன்பதிவு உள்ள நாட்களில் மட்டும்தான் இருக்கும். மற்ற நாட்களில் அங்கே சீமைக்கருவேலமும் நாலைந்து ஆடுகளும்தான். கட்டி ஆறாம் மாதமே இப்படி ஆகிவிட்டது. வெள்ளையடிக்கிற வேலை மிச்சம் என்று ஊரும் பழகிக்கொண்டது. எதிரேயுள்ள ஆபீஸ் கம்ப்யூட்டரின் டேட்டாபேஸில் தேதி இருந்தால் மண்டபம் எழும், இல்லாவிட்டால் இல்லை. ஆனால் கல்யாண வீட்டார் தேதி போடுவதும் மாற்றுவதும் ஆன்லைன் காலண்டரில். அங்கே மாறியதை இங்கே கொண்டுவர ஆபீஸில் வேலை பார்க்கும் ரஞ்சிதா ஒரு புரோகிராம் எழுதியிருந்தாள். கால் மணிக்கொரு தரம் அது காலண்டரிடம் போய், போன தடவைக்குப் பிறகு மாறியதை மட்டும் வாங்கிவரும். எதுவரை வாங்கியாயிற்று என்பதற்குக் காலண்டர் ஒரு குறியும் கொடுத்தனுப்பும். மூன்று வருஷத்தில் ஒரு முகூர்த்தம் தப்பியதில்லை. அவளுக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு, இருக்கட்டுமே.

ஆடியில் எவன் கல்யாணம் வைக்கிறான் என்று ஆண்டியப்பன் இந்த வருஷம் மாதம் முழுக்கக் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். ரஞ்சிதாவுக்கும் லீவு. ஆனால் ஆவணிக்குத் தேதி போட்டிருந்த அப்துல் மஜீது பாய் வீட்டுக்கு ஆடி ஏது, ஆவணி ஏது? மாப்பிள்ளைக்கு ஷார்ஜாவில் லீவு முன்கூட்டியே கிடைத்ததும், மகள் மிஸ்பாவின் நிக்காஹை ஆடிக் கடைசி ஞாயிறுக்குக் காலண்டரில் நகர்த்திவிட்டார். அன்று காலை நானூறு பேர் கருவேலங்காட்டில் நின்றார்கள். மாப்பிள்ளைக்கு மறுநாளே திரும்பிப் போக விமானம்.

ரஞ்சிதா ஓடிவந்து கம்ப்யூட்டரைப் போட்டாள். கையால் தேதியை ஏற்றிப் பார்த்தாள்; காலண்டரிலிருந்து வராத தேதிக்கு வாசற்படி மட்டும்தான் வந்தது. காலண்டரைக் கேட்டால், ஒரு மாதமாக வரவில்லை, உன் குறி காலாவதி, இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து வாங்கு என்றது.

"கல்யாணத்த அழிக்கிறதாவது ஆத்தா!" ஆண்டியப்பன் பதறினார். "தை வரைக்கும் அறுபது குடும்பம் இருக்கு. ஒண்ணு திரும்பலன்னாலும் நான் தல காட்ட முடியுமா?"

"அழிக்கலன்னா மிஸ்பா கல்யாணம் இன்னைக்கி நின்னுரும்ங்க."

அழித்தாள். வாசற்படியும் போயிற்று. ஆண்டியப்பன் தரையில் உட்கார்ந்துவிட்டார். ரஞ்சிதா எல்லாவற்றையும் முதலிலிருந்து வாங்கிவரப் புரோகிராமை ஓடவிட்டாள். பிறகு தேதிகள் ஒவ்வொன்றாக ஏறின. அறுபதும் ஒன்றுவிடாமல் வந்தன. எதிரே தூண்கள் எழுந்தன, கூரை வந்தது, மின்விசிறிகள் சுற்றிக்கொண்டே வந்தன. மேய்ந்துகொண்டிருந்த இரண்டு ஆடுகள் மொட்டைமாடிக்குப் போய்விட்டன.

"வந்துருச்சுங்க! அம்புட்டும் வந்துருச்சு!" என்று தெருவே கேட்கக் கத்தினாள் ரஞ்சிதா. அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

பதினோரு மணிக்கு நிக்காஹ் முடிந்தது. மிஸ்பாவின் அம்மா அஜீசா ரஞ்சிதாவைக் கையோடு இழுத்துப்போய்ப் பெண்கள் பந்தியில், நாலைந்து பேர் சுற்றியிருந்து சாப்பிடும் முதல் சஹன் தட்டில் உட்காரவைத்தாள். நானூறு பேரில் ஒருவரும் மண்டபத்தைப் பற்றிப் பேசவில்லை. கறி பஞ்சாக வெந்திருக்கிறது என்றுதான் சொல்லிக்கொண்டார்கள்.