உப்புக்காற்றுப் பக்கங்கள்

தூத்துக்குடியிலிருந்து பஸ் மாறி மாறிக் குன்னூர் வந்து சேர்ந்த சில்வஸ்டர், சாக்கில் சுற்றிக் கொண்டுவந்ததைக் கம்பெனி மேலாளரின் மேஜைமேல் கொட்டினார். எரிவாயுவையும் காற்றையும் மின்சாரமாக்கும் எரிபொருள் கலத்தின் பீங்கான் தகடுகள். அவர் மீன்பிடிப் படகுக்கு இந்தக் கம்பெனி விற்றவை. பாதித் தகடுகள் பொருக்குப் பொருக்காக உரிந்திருந்தன.

"நடுக்கடல்ல மோட்டார் நின்னுபோச்சு. ரெண்டு நாளா அஞ்சு பேரு தண்ணியில கெடந்தோம். அஞ்சு வருசம் உழைக்கும்னு எழுதிக் குடுத்தீங்க. ஏழு மாசம் தாங்கலயே!"

மேலாளர் கீர்த்திவாசன் தகடுகளைத் தொடக்கூட இல்லை. "காத்து வடிகட்டிய ஒழுங்கா மாத்தியிருக்க மாட்டீங்க. எங்க டெஸ்ட்ல ஒரு குறையும் இல்லீங்க."

பக்கத்து மேஜையிலிருந்த சசிகலாவுக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. அந்த டெஸ்டைச் செய்தவளே அவள்தான். சுத்தமான மலைக்காற்றைச் செலுத்தியவரை கலத்தில் குறையில்லை. உப்பு கலந்த காற்றை விட்டதும் மூன்றே வாரத்தில் மின்சாரம் கால்பங்கு குறைந்தது. அந்தப் பக்கங்களை உருவிவிட்டுத்தான் கீர்த்திவாசன் சான்றிதழ் அச்சடித்தார்.

"இன்னும் எத்தனை பொய்ங்க சார் சொல்லுவீங்க?" என்று எழுந்தாள்.

"சசிகலா, உக்காருங்க."

"உக்கார மாட்டனுங்க. கடலுக்கு ஆகாதுன்னு எழுதி உங்க கையிலதானே குடுத்தேன்?"

இழுப்பறையிலிருந்த அந்த அறிக்கையின் பிரதியைச் சில்வஸ்டரிடம் நீட்டினாள். அவர் தேதியைப் பார்த்தார். முகம் கறுத்தது.

"போன வருசமே தெரியுமா? தெரிஞ்சே அனுப்புனீங்களா? நீயுமாம்மா?"

வேலை போய்விடுமென்று பயந்து இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாள் சசிகலா, அவ்வளவுதான்.

இதே கலம் இன்னும் ஆறு படகுகளில் இருந்தது. பட்டியலை எடுத்துத் தன் போனிலேயே ஒவ்வொருவராக அழைத்தாள். "இது கம்பெனி ரகசியம், நாளையிலிருந்து வராதீங்க" என்று கீர்த்திவாசன் கத்தியது காதில் விழுந்தது, அவள் நிறுத்தவில்லை. நாலு படகுகள் கரையில் நின்றன. ஐந்தாவது துறைமுகத்தைத் தாண்டவே இல்லை. ஆறாவது போன் எட்டாத தூரத்தில் கடலில் இருந்தது. சில்வஸ்டர் மீனவர் சங்கத்துக்குச் சொல்ல, அங்கிருந்து வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுத் திருப்பினார்கள். கரை சேர்ந்ததாகச் சாயங்காலம் தகவல் வந்தது.

அறிக்கையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சில்வஸ்டர் கிளம்பினார். நன்றி சொல்லவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. சசிகலா வீட்டுக்குப் போக ஜெகதளா பஸ் ஏறினாள். கீர்த்திவாசன் மேல் வந்த ஆத்திரத்தைவிடத் தன்மேல் வந்ததுதான் அதிகமாகச் சுட்டது.