ஐந்து கரும்பூக்கள்

அன்னபூரணி ஆச்சி தம் பழந்துணி அலமாரியைத் திறந்த அன்றே அந்தச் சேலையை அடையாளம் கண்டுகொண்டேன். அரக்குச் சிவப்பு. மடிப்பை விரித்ததும் ஐந்து கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. ஒன்று பெரியது, நான்கு சிறியவை.

“கரும்பூ அச்சு, நவமணி. நாலு தலைமுறையா எங்க வீட்டுல இருக்கு. காரைக்குடி வேலை,” என்றார் ஆச்சி.

நான் மலேசியாவின் ஈப்போவில், மெழுகால் கோலமிட்டுச் சாயமேற்றும் பாத்திக் துணி வரைபவள். ஆச்சி, தம் சேகரிப்பைப் பார்த்துப் புதுத் துணிகள் செய்து கண்காட்சி வைக்க 1984இல் என்னை அழைத்திருந்தார். பத்து காஜா என்ற ஊர்ப் பக்கம் அவர் கணவரின் ரப்பர் தோட்டத்தில் பாலுக்காக மரம் வெட்டிய மங்களத்தின் மகள் நான் என்பது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

அது கரும்பூ இல்லை. என் அம்மாவின் கல்யாணச் சேலை. ஒரு திருவிழாக் காலையில் அதைக் கட்டிக்கொண்டே அப்பாவுக்குக் கைகொடுக்கப் போனபோது, வாளி தளும்பி ரப்பர் பால் தெறித்தது. துணியில் காய்ந்த பால் நாளாக ஆகக் கறுக்கும், போகாது. 1971இல், கரை வேலைப்பாட்டைப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று ஆச்சி அதை வாங்கிப் போனார். மூன்று மாதம் கழித்து, விடியற்காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு அவர் காரில் வந்தபோது அம்மா கேட்டாள்.

“எந்தச் சேலை? வாய் கூசாமப் பொய் சொல்றா பாருங்க!”

தோட்டமே கேட்டது. அன்றிலிருந்து அம்மா ‘புளுகு மங்களம்’. ஆச்சி குடும்பம் தோட்டத்தைத் துண்டாடி விற்க, நாங்கள் டவுனுக்கு வந்த பிறகும் அந்தப் பெயர் கூடவே வந்தது.

ஆச்சியைத் திருத்த எனக்கு ஒரு வாக்கியம் போதும். ஏழு மாதம் அதை வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன். “இந்தச் சேலையப் பத்தி நீங்களே கைப்பட எழுதிக் குடுத்தா நல்லாருக்கும் ஆச்சி,” என்று மட்டும் கேட்டேன். ‘எங்கள் குடும்பக் கரும்பூ’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். கண்ணாடிச் சட்டம் போட்டு அதைச் சேலையருகே மாட்டினேன். மறுபக்கம் என் புதுத் துணி. அதே சிவப்பு, அதே ஐந்து புள்ளிகள். அவற்றை மெழுகால் வரையவில்லை. ரப்பர் பாலைத் தெறித்துக் கறுக்க விட்டிருந்தேன்.

திறப்பு நாளில் அம்மாவையும், அவளோடு மரம் வெட்டிய செல்லாயி அத்தையையும் வரச்சொன்னேன். கூட்டத்துக்கு நடுவே அத்தையின் குரல்தான் முதலில் கிளம்பியது.

“அடி மங்களம், உன் சேலைலா! பால் கறைய பூவுன்னு எழுதி மாட்டிருக்காங்க. அப்ப என் கைலி பூராவும் பூந்தோட்டம்லா!”

சிரிப்பு பரவியது. ஆச்சியின் முகம் வெளுத்தது. “கறை எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்,” என்றார்.

அம்மா சேலையைத் தொடவில்லை. “உள் மூலையில நான் அடையாளத்துக்குப் போட்ட நீல நூலு. மூணு தையல்,” என்றாள்.

எல்லோர் கண்ணெதிரிலும் மூலையைத் திருப்பிக் காட்டினேன். மூன்று தையல்.

ஆச்சி என் காதருகே வந்தார். “எடுத்துட்டுப் போயிரும்மா. இங்க வச்சுப் பேச வேணாம்.”

“சேலை வேணாம் ஆச்சி. எங்கம்மா பொய் சொல்லலன்னு சொல்லுங்க.”

ஆச்சியின் உதடு மட்டும் அசைந்தது. “அவ பொய் சொல்லல.”

“கேக்கல ஆச்சி,” என்றாள் அம்மா. “அன்னிக்குப் பெரட்டுல சொன்னீங்களே, அந்தச் சத்தத்துல சொல்லுங்க.”

ஆச்சி வாசலைப் பார்த்தார். நான் போய் அதன் குறுக்கே நின்றுகொண்டேன்.