கியரில் நிற்கும் வண்டி

பொத்தானை அழுத்துகிறார், ஒன்றும் நடக்கவில்லை, சிங்காநல்லூர் சிக்னலில் பச்சை விழுந்துவிட்டது, பின்னால் பஸ்காரன் ஹாரனை விடாமல் அடிக்கிறான், கியரை நியூட்ரலுக்குத் தட்டினால்தான் ஸ்டார்ட்டர் சுற்றும், தட்ட வேண்டிய இடது காலோ வாதம் வந்ததிலிருந்து சென்னியப்பன் பேச்சைக் கேட்பதில்லை, சனியன் பிடித்த கால், இடது கையும் அப்படித்தான், அதனால்தானே கையால் கிளட்ச் பிடிக்க வேண்டாத இந்தப் பழைய பைக்கைத் தேடிப் பிடித்தார், வீட்டிலேயே குனிந்து வலது கையால் கியரைப் போட்டுவிட்டால் அதிலேயே ஓடும், பஞ்சு மில்லில் கூட வேலை பார்த்த இருகூர் ரங்கண்ணன் வீட்டுக்குப் போய்விடலாமென்று நாலு தடவை கிளம்பி நாலு தடவையும் வண்டி இங்கேயே அணைந்தது, ஆள் பிடித்துத் தள்ளிக்கொண்டு திரும்பினார், வீட்டில் வண்டி சரியில்லை என்றார்.

இப்போது வாசலில் வசந்தாமணி வண்டியின் ஒயர்களைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருக்கிறாள், இருபது வருஷம் மோட்டார் காயில் சுற்றிய அவர் மனைவி, அந்த நியூட்ரல் சுவிட்ச் ஒயரைச் சேர்த்து முறுக்கிடு வசந்தா, எந்தக் கியர்லயும் ஸ்டார்ட் ஆகட்டும் என்கிறார் அவர், கியர்ல இருக்கறப்ப தெரியாம பொத்தான்ல கை பட்டா வண்டி பாஞ்சுருமுங்க, எதுக்க நிக்கறவன் கதி என்ன என்கிறாள், அட ஒன்னும் ஆகாது புள்ள, சொன்னபடி செய் என்று எரிந்து விழுகிறார், ஒன்னும் ஆகாது, இதே வார்த்தையைத்தான் முப்பது வருஷத்துக்கு முன்னால் மில்லிலும் சொன்னார், பஞ்சைச் சீவும் கார்டிங் மிஷினின் மூடியைத் திறந்தால் மிஷின் நின்றுவிடும், நின்றால் உற்பத்தி போச்சு, மூடி சுவிட்சில் ஒரு தீக்குச்சியைச் செருகிவிட்டால் திறந்தபடியே ஓடும், பஞ்சைத் தட்டிவிடலாம், எல்லோரும் செய்வதுதான், ஷிப்ட் முடிந்தால் எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான், அன்றைக்கு அவர் எடுக்க மறந்தார், அடுத்த ஷிப்டுக்கு வந்த ரங்கண்ணன் மூடியைத் திறந்து, நின்றிருக்கும் என்று நம்பிக் கையை விட்டார், இரண்டு விரல் போச்சு, பஞ்செல்லாம் சிவப்பு, அலறல் கேட்டு ஓடிவந்த சென்னியப்பன் ஆளைத் தூக்குவதற்கு முன்னால் குச்சியைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார், ஐயோ, அதைத்தான் முதலில் செய்தார், விசாரணையில் ரங்கண்ணனின் கவனக்குறைவு என்று எழுதி வேலையைவிட்டு அனுப்பினார்கள், இவர் வாயே திறக்கவில்லை.

முடிஞ்சுதுங்க, ஏறி உக்காருங்க என்கிறாள் வசந்தாமணி, நீங்க சொன்னாப்ல முறுக்கல, பிரேக் சுவிட்ச் வழியா ஒயரைக் கொண்டுபோயிட்டேன், வலது கால்ல பிரேக்க மிதிச்சுட்டு அழுத்துனா கியர்லயே ஸ்டார்ட் ஆகும், மிதிக்காட்டி ஆகாது, உங்களுக்கும் வண்டி கிளம்பும், எதுக்க நிக்கறவனுக்கும் பயமில்ல. அவர் மிதித்து அழுத்துகிறார், வண்டி உறுமிக்கொண்டு உயிர் பெறுகிறது, இனி வண்டிமேல் பழி போட முடியாது, வசந்தா, அந்தக் குச்சி என்று ஆரம்பிக்கிறார், தெரியுமுங்க என்கிறாள் கையைத் துடைத்துக்கொண்டே, ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுபோனப்பவே ரங்கண்ணன் சொல்லிட்டாரு, நீங்க பிடுங்குனதைப் பார்த்தாராம், எனக்குக் குடும்பமில்ல, அவனுக்கு ரெண்டு புள்ளைக, அவன்கிட்டக் கேட்டுராத தாயின்னாரு, முப்பது வருஷமா நானும் கேக்கல.

வெட்கத்தில் அவருக்கு உடம்பு கூசுகிறது, எஞ்சின் ஓடுகிறது, கியர் விழுந்துதான் இருக்கிறது, போங்க, அவரு இன்னிக்கு வீட்லதான் இருப்பாரு என்கிறாள், பிரேக்கை மிதித்த நல்ல காலை அவரால் எடுக்க முடியவில்லை.