பக்கத்தில் நின்றவள்

ஆரியசாலைக் கடைத்தெருவில் மிளகாய் மொத்தக் கடையைப் பார்த்துக்கொள்ளும் அருமைநாயகத்துக்கு ஒரு கிறுக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மனுஷன் நேரே வீட்டுக்குப் போக மாட்டார். பழைய சாமான் வாங்கும் ஆக்கிரிக் கடைகளில் புகுந்து, யாரோ தூக்கிப்போட்ட புகைப்படங்களைப் பொறுக்கிக்கொண்டு வருவார். எல்லாம் பேர் ஊர் தெரியாதவர்களின் படங்கள். துடைத்து, உற்றுப் பார்த்து, இவர் இன்னார், இவருக்கு இன்னது நடந்திருக்கும் என்று நாலு வரி எழுதி ஃபேஸ்புக்கில் போடுவார். படிக்கிறவர்கள் உருகுவார்கள். அவர்கள் உருக உருக இவருக்குத் தலை கனத்தது. முகத்தைப் பார்த்தே முழுக் கதையையும் சொல்லிவிடுவேன் என்று வீட்டிலும் பீற்றிக்கொண்டார்.

அப்படித்தான் வித்துரா பக்கத்திலிருந்து வந்த சட்டம் போட்ட படம் ஒன்று கையில் அகப்பட்டது. நாற்பது தாண்டிய ஒரு பெண், பக்கத்தில் அரும்பு மீசை வைத்த இளைஞன். ஈரப் பஞ்சால் துடைத்தபோது இருவருக்கும் நடுவே மெல்லிய கோடு தெரிந்தது. இரண்டு படங்களை வெட்டி ஒரே அட்டையில் ஒட்டியிருந்தார்கள். வேறு யாராவது என்றால் கொஞ்சம் யோசித்திருப்பார்கள். நம்ம ஆளுக்குத்தான் உடனே விடை கிடைத்துவிடுமே! அம்மாவும் மகனும். கூட நின்று ஒரு படம் எடுக்கக்கூட வராத மகன், வெட்டி ஒட்டி மனதைத் தேற்றிக்கொண்ட தாய். எழுதினார். அதோடு விட்டாரா? ஒட்டியிருப்பதைக் காட்ட வேண்டுமென்று பிளேடால் இரண்டையும் பிரித்து, அதை வீடியோவும் எடுத்துப் போட்டார். அந்தப் பையனை நன்றி கெட்டவன், பெற்றவளைத் தவிக்கவிட்ட பாவி என்று ஊரே வாய்க்கு வந்தபடி வைதது. அருமைநாயகம் ஒவ்வொரு வசவுக்கும் லைக் போட்டார்.

பத்தாம் நாள் கடைக்குத் தங்கபாய் என்ற பெண்மணி ஒருவர் வந்தார். எழுபதை எட்டும் வயது. மிளகாய் நெடியில் தும்மிவிட்டு, படத்திலிருக்கும் பெண் தான்தான் என்றார். அருமைநாயகத்துக்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, மகன் இப்போதாவது வந்து பார்க்கிறானா என்று கேட்டார்.

"அது எனக்க மகன் இல்ல சாரே. எனக்க மாப்பிள்ளையாக்கும், என்னைக் கெட்டினவரு."

போணக்காடு எஸ்டேட்டில் மரம் சாய்ந்து கணவர் போனபோது தங்கபாய்க்கு இருபத்துநாலு வயது. இருவரும் சேர்ந்து படமே எடுத்ததில்லை. மகள் ஷாலுவின் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் பார்க்க, அப்பாவும் அம்மாவும் சேர்ந்த படம் ஒன்று சுவரில் இருக்கட்டும் என்று தங்கபாய் தன் நாற்பத்தோராம் வயதில் ஸ்டூடியோவுக்குப் போய் நின்றார். கணவரின் பழைய படத்தோடு சேர்த்து ஒட்டிக் கொடுத்தார்கள். இருபத்தெட்டு வருஷம் வீட்டில் தொங்கிய படம், போன மாதம் வெள்ளையடித்தபோது பழைய பேப்பரோடு தவறிப் போய்விட்டது. ஷாலு தற்செயலாகப் போனில் பார்த்துக் காட்டியிருக்கிறாள். கணவரை எல்லாரும் வைததையும் வாசித்தேன் என்றார் தங்கபாய். அருமைநாயகத்தை ஒரு வார்த்தை வையவில்லை. வைதிருந்தால்கூட இவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அருமைநாயகம் அங்கேயே பதிவை அழித்தார். அதற்குள் அது எத்தனையோ பேர் கைக்குப் போயிருந்தது. பெரிய தப்புப் பண்ணிவிட்டேன் என்று சொல்லி, பிரித்த துண்டுகளைப் போட்டு வைத்திருந்த இரண்டு உறைகளையும் எடுத்து வைத்தார். கோடே தெரியாமல் ஒட்டித் தருகிறேன் என்று கெஞ்சினார்.

தங்கபாய் கணவரின் துண்டை மட்டும் எடுத்துக் கைக்குட்டையில் சுற்றினார். தன்னுடையதை இவர் பக்கம் தள்ளினார்.

"இது இங்க இரிக்கட்டு. இத்தனை வருஷமும் எனக்கு வயசே தோணினதில்ல. இப்ப எல்லாரும் அம்மைன்னு சொல்லியாச்சு. இனி அவருக்க பக்கத்துல நிக்க நாணமா இரிக்கு சாரே."

வித்துரா பஸ் வரைக்கும் வருகிறேன் அம்மா என்று வாய் வரை வந்துவிட்டது. அந்த 'அம்மா' இடற, அருமைநாயகம் அதை விழுங்கிக்கொண்டார்.

இப்போது அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆக்கிரிக் கடைப் பக்கம் போவதில்லை. தங்கபாயின் படத்தை எடுத்துக்கொண்டு வித்துராவுக்கு இரண்டு முறை போய்விட்டார். இரண்டு முறையும் சாயா போட்டுக் கொடுத்தார்கள். படத்தை மட்டும் அந்தம்மாள் வாங்கிக்கொள்ளவில்லை.