பாலத்துச் சுவர்

கூடலூர் மலைப்பாதை வேலையில் ஒரு மேஸ்திரி இடம் காலியானது; ஆளைப் பொறுக்குவது வெள்ளைக்காரத் துரை. முதுகு ஒடியக் கல் சுமந்து சுவர் கட்டும் எனக்கு அது கிடைத்தால் போதும்.

"தொரை வந்தாகன்னா முன்னால நில்லு மாமா. பாலத்துச் சுவரு நான் கட்டுனதுன்னு சத்தமாச் சொல்லு," என்று என் மனைவி ராக்கம்மாள் சொல்லி அனுப்பினாள்.

துரை வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, "யார் கட்டியது?" என்றார். பெரிய மனிதர்களைக் கண்டதும் எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வதுபோல், என் கை தானாகத் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டியது. உடம்பு ஓரமாக ஒதுங்கிக் குனிந்துகொண்டது.

எனக்குச் சாந்து குழைத்துத் தந்த இஞ்ஞாசிமுத்து, "நாந்தான், தொரை," என்று முன்னால் போனான்.

மறுநாள் மேஸ்திரியாக வந்த இஞ்ஞாசிமுத்து, "நீங்க சொல்லுவீகன்னுதான் பாத்தேண்ணே. விட்டா வெளியாளு வந்திருவான்ல?" என்றான்.

"கல்லை எங்கன போடணும் மேஸ்திரி?" என்று கேட்டேன்.